கம்ரியா, அக்கோர்டா? பதினாறு குதிரைவலுவின் கணக்கு

காற்று அசையாத ஒரு கோடை நாளில், 401 நெடுஞ்சாலையில், மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு ரொயோட்டா கம்ரியைச் சீராக ஓட வைத்திருக்க எவ்வளவு வலு வேண்டும்? எதிரே நிற்கும் காற்றை விலக்கிக்கொண்டு போக ஏறத்தாழ 8 கிலோவாற். ரயர்கள் உருளும்போது நசுங்கி நிமிர்வதில் வீணாவது 4 கிலோவாற்றுக்குச் சற்று மேல். மொத்தம் 12 கிலோவாற், அதாவது 16 குதிரைவலு. ஹொண்டா அக்கோர்டுக்கும் இதே கணக்குத்தான். இரண்டும் ஏறத்தாழ ஒரே திணிவு, ஒரே முகப்பகலம் கொண்டவை. ஆனால் விற்பனை நிலையத்தில் தரும் தாளில் கம்ரிக்கு 225 குதிரைவலு என்றும் அக்கோர்ட் ஹைபிரிட்டுக்கு 204 என்றும் போட்டிருக்கும். வாங்கப் போகிறவர்கள் அந்த 21 குதிரைவலு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு இரவிரவாக வாதாடுவார்கள். கார் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிப்பதோ அந்தப் பதினாறைச் சுற்றித்தான். அந்தப் பதினாறு குதிரைவலுவை எவ்வளவு குறைந்த பெற்றோலில் எடுப்பது என்ற கேள்விக்கு இரண்டு நிறுவனங்களும் முற்றிலும் வேறு வேறு விடை கண்டிருக்கின்றன. இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ரொறன்ரோவில் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வாதம் பழகியது. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கத்துக் கலியாண மண்டபங்களின் தரிப்பிடங்களில், எஸ்.யு.வி.கள் பெருகிவிட்ட இந்தக் காலத்திலும், இந்த இரண்டு பெயர்களையும் காணாமல் நடக்க முடியாது. அக்கோர்ட் 1976இல் வந்தது, கம்ரி 1982இல். அதே 1982இல் ஒஹாயோ மாநிலத்தின் மேரிஸ்வில்லில் அக்கோர்ட் உற்பத்தி தொடங்கியது. அமெரிக்க மண்ணில் செய்யப்பட்ட முதல் ஜப்பானியக் கார் அதுதான். போட்டியாளர்கள் பலர் இப்போது களத்தில் இல்லை. ஃபோர்ட் ஃபியூஷன் போனது, மஸ்டா 6 போனது, 2024இன் கடைசியில் செவ்ரொலே மலிபுவும் நின்றது. நின்று பிடித்த இந்த இரண்டும் கனடாவில், எச்.எஸ்.ரி. வரிக்கு முன், ஏறத்தாழ ஒரே விலை வட்டத்துக்குள் வருகின்றன. 2025 மொடலிலிருந்து கம்ரி முழுக்க ஹைபிரிட் ஆகிவிட்டது. அக்கோர்டில் 1.5 லீற்றர் ரேர்போ எஞ்சினும் உண்டு. ஆனால் கம்ரிக்கு உண்மையான சோடி அதன் ஹைபிரிட்தான். அதைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் எஞ்சின். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் சக்தி இருக்கிறது. நாம் கணக்கிட்ட 12 கிலோவாற் ஒரு மணி நேரத்துக்கு 43 மெகாஜூல். எஞ்சின் 40 விழுக்காடு வினைத்திறனோடு இயங்கினால் 100 கிலோமீற்றருக்கு 3.4 லீற்றர் போதும். இன்றைய ஹைபிரிட் எஞ்சின்கள் அந்த 40 விழுக்காட்டைத் தொடுகின்றன. ரொயோட்டாவின் 2.5 லீற்றர் எஞ்சினுக்கு 41 விழுக்காடு என்று அந்த நிறுவனம் அறிவித்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால், எஞ்சின் அந்த உச்சத்தைத் தொடுவது ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில், நல்ல சுமையோடு உழைக்கும்போது மட்டும். மெதுவாக நகரும்போது, காற்று உள்ளே வரும் வழியைப் பாதி மூடி வைத்துக்கொண்டு எஞ்சின் மூச்சுத் திணறி உழைக்கிறது; உறிஞ்சுவதிலும் உராய்விலுமே சக்தியின் பெரும்பங்கு போய்விடுகிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது வினைத்திறன் பூச்சியம். ஹைபிரிட் என்பதன் சாரமே எஞ்சினை அதற்குப் பிடித்த இடத்தில் மட்டும் உழைக்க விட்டு, மற்ற நேரங்களில் அணைத்துவிடுவதுதான். அதற்கு ஒரு சிறிய பற்றரியும் இரண்டு மோட்டர்களும் துணை.

இரண்டு கார்களின் எஞ்சினும் அற்கின்சன் முறையில் இயங்குபவை. ஜேம்ஸ் அற்கின்சன் என்ற பிரித்தானியப் பொறியியலாளர் 1880களில் கண்ட யோசனை இது: அமுக்கும் தூரத்தைவிட விரியும் தூரம் நீளமாக இருந்தால், எரிந்த வாயுவிலிருந்து கூடுதல் வேலையைக் கறந்துவிடலாம். அவர் அதற்குச் சிக்கலான நெம்புகோல்களை அமைத்தார். இன்றைய எஞ்சின்கள் உள்வரும் வால்வைச் சற்றுத் தாமதமாக மூடியே அதைச் சாதித்துவிடுகின்றன. பிஸ்டன் மேலே வரத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்திருப்பதால், உறிஞ்சிய கலவையில் ஒரு பங்கு திரும்ப வெளியே போகிறது. கம்ரியின் எஞ்சினில் அமுக்க விகிதம் 14:1, அக்கோர்டில் 13.9:1.

இந்த எண்ணின் அருமை யாழ்ப்பாணத்தில் 1990களில் வாழ்ந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பிச் சூடாக்கிக்கொண்டு மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். புகை கக்கினாலும் கார் ஓடியது, ஏனென்றால் அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் 7:1 அளவில்தான் இருந்தது. அமுக்கம் கூடக் கூடக் கலவை சூடேறி, சுடர் வந்து சேர்வதற்கு முன்னரே தானாக வெடிக்கப் பார்க்கும்; எஞ்சின் தட்டுவது என்பது இதுதான். மண்ணெண்ணெய் அதற்கு மிகவும் இலகுவாக இணங்கிவிடும். 14:1இல் சாதாரண பெற்றோலே தட்ட வேண்டும். தட்டாமல் இருப்பது வால்வு தாமதமாக மூடுவதால்தான். உண்மையில் அமுக்கப்படுவது குறைந்த கலவை. விரிவதோ முழுத் தூரம். இதற்கு விலையும் உண்டு: ஒவ்வொரு சுற்றிலும் எரியும் கலவை குறைவு என்பதால் எஞ்சினின் இழுவை குறையும். அந்தக் குறையை மின்மோட்டர் ஈடு செய்கிறது.

ஆக, எஞ்சின் வரைக்கும் இரண்டு நிறுவனங்களும் ஒரே பாதையில்தான் நடந்திருக்கின்றன. பிரிவது அதற்குப் பிறகு, எஞ்சினுக்கும் சில்லுக்கும் இடையில்.

ரொயோட்டாவின் விடை 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் பிரியஸோடு பிறந்தது. அந்தத் திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் தகேஷி உச்சியமடா. அதன் இதயம் உள்ளங்கையில் பிடிக்கக்கூடிய ஒரு கோள் பற்சில்லுத் தொகுதி. நடுவில் ஒரு சூரியப் பற்சில்லு. அதைச் சுற்றி உருளும் சிறிய கோள் பற்சில்லுகள். அவற்றை ஒன்றாகப் பிடித்திருக்கும் ஒரு தாங்கி. எல்லாவற்றையும் வெளியே சூழ்ந்து, உட்புறம் பல் வெட்டிய ஒரு வளையம். எஞ்சின் தாங்கியோடு இணைந்திருக்கிறது. முதல் மோட்டர் சூரியனோடு. வளையம் சில்லுகளுக்குப் போகிறது. இரண்டாவது, பெரிய மோட்டரும் அந்தப் பக்கத்தில்தான்.

முதல் பிரியஸில் சூரியனுக்கு 30 பல், வளையத்துக்கு 78. இந்த இரண்டு எண்களை வைத்தே முழு இயக்கத்தையும் கணக்கிட்டுவிடலாம். எஞ்சின் தரும் முறுக்கு விசை எப்போதும் 78க்கு 30 என்று பிரியும்: 72 விழுக்காடு வளையம் வழியாக நேரே சில்லுகளுக்கு, 28 விழுக்காடு சூரியன் வழியாக முதல் மோட்டருக்கு. இந்தப் பங்கீடு பற்களின் எண்ணிக்கையில் கட்டப்பட்டது. எந்தக் கணினியாலும் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது வேகம். கார் நிற்கிறது, எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்: வளையம் அசையாததால் சூரியன் 3,600 சுற்றில் பறக்கும், அந்த மோட்டர் மின்சாரம் பிறப்பிக்கும். இப்போது அந்த மோட்டரை மின்சாரத்தால் பிடித்து நிறுத்துங்கள். அதே 1,000 சுற்றுக்கு வளையம் 1,385 சுற்றில் ஓடும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையில் எந்த விகிதமும் கிடைக்கும். முதல் மோட்டரின் வேகத்தை ஏற்றி இறக்குவதே கியர் மாற்றுவது. கிளச் இல்லை, பெல்ட் இல்லை, படிப்படியான கியர்களும் இல்லை. பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதே கிடையாது. ரொறன்ரோ டாக்சிகளில் பிரியஸும் கம்ரி ஹைபிரிட்டும் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு இந்த எளிமை ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். தேய்வதற்கு அங்கே அதிகம் ஒன்றுமில்லை. இன்றைய கம்ரியில் இருப்பது இந்த அமைப்பின் ஐந்தாம் தலைமுறை. மோட்டர்களும் பற்றரியும் மாறியிருக்கின்றன, கருத்து அப்படியே இருக்கிறது.

ஹொண்டா வேறு திசையில் யோசித்தது. 1999இல் வந்த இன்சைட்டில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே ஒரு மெல்லிய மோட்டரைச் செருகிப் பார்த்தார்கள். அது துணை மோட்டர் மட்டுமே. 2013இல் அக்கோர்டில் வந்த இரு மோட்டர் முறை அந்தப் பாதையை முழுக்கக் கைவிட்டது. கரண்ட் போன வீட்டில் முற்றத்து ஜெனரேற்றர் ஓடி உள்ளே விளக்கு எரிவதுபோல, நகரத்தில் அக்கோர்டின் எஞ்சின் மின்சாரம் பிறப்பிக்க மட்டுமே ஓடுகிறது. சில்லைச் சுற்றுவது முழுக்க இரண்டாவது மோட்டரின் வேலை. இன்றைய அக்கோர்டில் அந்த மோட்டர் தனியே 181 குதிரைவலுவும் 335 நியூட்டன் மீற்றர் முறுக்கு விசையும் தரும். நடுவில் கியர்பெட்டி என்று ஒன்று இல்லை. நெடுஞ்சாலைக்கு வந்து வேகம் சீரானதும் ஒரு கிளச் பூட்டிக்கொண்டு எஞ்சினை ஒரேயொரு நிலையான விகிதத்தில் சில்லோடு நேரே இணைக்கிறது. சாதாரணக் காரின் கடைசிக் கியரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றெல்லாவற்றையும் கழற்றி எறிந்தால் என்ன மிஞ்சுமோ அதுதான் இது.

இதன் தர்க்கம் அழகானது. மின்மோட்டருக்கு நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை உண்டு, அதற்குக் கியர் தேவையில்லை. எஞ்சினுக்கோ நெடுஞ்சாலையில் மட்டும் சில்லோடு நேரடி உறவு இலாபம். ஃபின்ச் அவெனியுவில் விளக்குக்கு விளக்கு நின்று போகும்போது அக்கோர்ட் வழுக்கிக்கொண்டு நகரும் சுகம் இந்த அமைப்பில்தான் வருகிறது. கம்ரியில் எஞ்சின் குரலெழுப்பும் இடங்களில் அக்கோர்ட் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வேகமாக மிதித்தால் எஞ்சின் கியர் மாறுவதுபோல ஏறி இறங்கும். அங்கே மாற எந்தக் கியரும் இல்லை. காதுக்குப் பழக்கமான ஓசையைத் தர மென்பொருள் எஞ்சின் வேகத்தை அப்படி ஏற்றி இறக்குகிறது.

நகரத்தில் இரண்டுக்கும் பொதுவான இலாபம் பிரேக்கில் இருக்கிறது. 1,600 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும்போது அதன் இயக்க சக்தி 222 கிலோஜூல். பழைய காரில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அது பிரேக் தட்டில் சூடாகித் தொலைகிறது. 30 விழுக்காடு வினைத்திறனுள்ள எஞ்சின் அதை மறுபடி உண்டாக்க ஏறத்தாழ 23 மில்லிலீற்றர் பெற்றோலை எரிக்க வேண்டும். ஒரு நிறுத்தத்துக்கு அரைக் கோப்பைக் கோப்பி அளவுகூட இல்லைத்தான். ஆனால் ஷெப்பர்டில் கிழக்கிலிருந்து மேற்காக ஒருமுறை போய் வந்தால் எத்தனை விளக்கு! மோட்டரைப் பின்னோக்கி வேலை செய்ய வைத்து அந்தச் சக்தியில் ஒரு நல்ல பங்கைப் பற்றரிக்குத் திருப்புவதால்தான் ஹைபிரிட் கார்கள் நெடுஞ்சாலையைவிட நகரத்தில் குறைவாகக் குடிக்கின்றன.

இனி அளவீடுகள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எண்களை லீற்றருக்கு மாற்றித் தருகிறேன். கனடாவில் வகைப் பெயர்களும் சேர்மானங்களும் சற்று மாறும்; இயற்பியல் மாறாது. சிக்கனமான கம்ரி, முன்சில்லு இழுவையுள்ள எல்.இ., 100 கிலோமீற்றருக்கு 4.6 லீற்றர். சிக்கனமான அக்கோர்ட் ஹைபிரிட், ஈ.எக்ஸ்.-எல்., 4.9 லீற்றர். ஆண்டுக்கு 20,000 கிலோமீற்றர் ஓடினால் வித்தியாசம் 60 லீற்றர். லீற்றர் ஒன்றரை டொலர் என்றால் 90 டொலர்.

நெடுஞ்சாலை எண்களைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வியப்பு இருக்கிறது. கம்ரிக்கு 4.7, அக்கோர்டுக்கு 5.3. நேரடிக் கிளச் வைத்திருப்பது ஹொண்டா. நெடுஞ்சாலையில் வெல்ல வேண்டியதும் அதுதான் என்று தோன்றும். அந்தக் கிளச்சுக்கு இருப்பது ஒரே விகிதம் என்பதுதான் தடை. 401இன் சிறு ஏற்றத்தில், எதிர்க்காற்றில், அந்த விகிதத்தில் எஞ்சினால் இழுக்க முடியாதபோது கிளச் விடுபடும். சக்தி மறுபடி எஞ்சின், ஜெனரேற்றர், மோட்டர் என்று சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் சில விழுக்காடு வெப்பமாகப் போய்விடும். ரொயோட்டாவின் பற்சில்லுத் தொகுதிக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. எந்த ஏற்றத்துக்கும் ஏற்ற விகிதம் கையில் இருக்கிறது, சக்தியின் பெரும்பங்கு எப்போதும் உலோகத்தின் வழியாகவே போகிறது. இருந்தாலும் இதைப் பெரிதாக்க வேண்டாம். மொன்றியலுக்கு ஒரு கலியாணத்துக்குப் போய்த் திரும்பும் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீற்றரில் இந்த வித்தியாசம் ஏழு லீற்றரைத் தாண்டாது.

இந்தத் தாளில் விற்பனையாளர் விரல் வைத்துக் காட்டாத வரி ஒன்று உண்டு. அதே கம்ரி, அதே எஞ்சின், அதே முன்சில்லு இழுவை, எல்.இ.யில் 16 அங்குலச் சில்லு, எஸ்.இ.யில் 18 அங்குலம். 4.6 லீற்றர் 5.0 ஆகிவிடுகிறது. அக்கோர்டிலும் இதுவேதான்: 17 அங்குலச் சில்லோடு வரும் ஈ.எக்ஸ்.-எல். 4.9, 19 அங்குலத்தோடு வரும் ரூரிங் 5.3. இரண்டு நிறுவனங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியைவிட ஒரே நிறுவனத்தின் இரண்டு வகைகளுக்கு இடையிலுள்ள இடைவெளி பெரிது! எடையும் மற்ற வசதிகளும் இதில் கொஞ்சம் சேரும் என்றாலும் முக்கியக் குற்றவாளி சில்லுதான். பெரிய வட்டத்தில் உலோகம் மையத்திலிருந்து தள்ளிப் போகிறது, சுழற்றுவது கடினமாகிறது. அகலமான ரயர் கூடுதலாக நசுங்குகிறது, கூடுதல் காற்றை உழுகிறது. கண்ணுக்கு அழகான அந்தச் சில்லுக்குக் காசு கொடுத்த பிறகு, பெற்றோல் நிலையத்தில் ஆண்டு முழுவதும் தவணை கட்ட வேண்டியிருக்கிறது. குழிகள் நிறைந்த மார்ச் மாதத்து ரொறன்ரோத் தெருக்களில் மெல்லிய ரயர் வெடிப்பது தனிச் செலவு.

இதுவரை சொன்னது எல்லாம் நல்ல காலநிலைக் கணக்கு. ஜனவரி வந்தால் கதை மாறுகிறது. கனடாவின் இயற்கை வளத் திணைக்களம் 2015 மொடல்களிலிருந்து ஐந்து விதமான ஓட்டங்களை வைத்து எரிபொருள் அளவைக் கணிக்கிறது. அவற்றில் ஒன்று −7 பாகை குளிரில் நடப்பது. அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்கின்படி, நகரத்துக் குறுகிய ஓட்டத்தில் 25 பாகையிலிருந்து −7 பாகைக்கு இறங்கும்போது சாதாரணக் காரின் சிக்கனம் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைகிறது. ஹைபிரிட்டுக்கு அது 30 முதல் 34 விழுக்காடு. புதுக் கார் வாங்கி முதல் பனிக்காலத்தில் "என்ன, சொன்னதைவிட இவ்வளவு குடிக்குது?" என்று டீலரிடம் ஓடுகிறவர்களுக்கு விடை இந்த ஒரு வரியில் இருக்கிறது.

காரணம் வினைத்திறனேதான். காரின் உள்ளே சூடு தருவது எஞ்சினின் கழிவு வெப்பம். பழைய எஞ்சினில் அது கொட்டிக் கிடந்தது, யாரும் கணக்குப் பார்க்கவில்லை. 40 விழுக்காடு வினைத்திறனுள்ள எஞ்சின், அதுவும் பாதி நேரம் அணைந்தே இருப்பது, கொடுப்பதற்கு அதிகம் வைத்திருப்பதில்லை. நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் காரை −15 பாகையில் சூடாக்கச் சில கிலோவாற் வேண்டும். ஆகவே கார் சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் எஞ்சின் ஓடத் தொடங்குகிறது, சூட்டுக்காகவே ஓடுகிறது. பற்றரியும் ஒத்துழைக்காது. குளிரில் லிதியம் அயன் பற்றரியின் உள்தடை ஏறுகிறது. வேகமாக மின்னேற்றினால் லிதியம் மின்வாய்க்குள் புகாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். அதைத் தவிர்க்கக் கணினி மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்துகிறது. பிரேக்கில் மீளும் சக்தி அந்த அளவுக்குக் குறைகிறது. இதற்கிடையில் வெளிக்காற்றே அடர்ந்துவிடுகிறது: 25 பாகையைவிட −15 பாகையில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுதல். நாம் முதலில் கண்ட 8 கிலோவாற் 9ஐத் தாண்டிவிடும். இந்த விடயத்தில் ரொயோட்டாவுக்கும் ஹொண்டாவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை; இரண்டும் ஒரே குளிரில் ஒரே விதமாக நடுங்குகின்றன. செய்யக்கூடியது ஒன்று உண்டு. இருக்கையைச் சூடாக்கும் கம்பிக்குச் சில பத்து வாற் போதும். முதுகு சூடாக இருந்தால் காற்றைக் குறைவான சூட்டில் வைத்துக்கொள்ளலாம், எஞ்சின் விரைவில் அணையும்.

ரயர் அமுக்கத்தையும் பாருங்கள். ஒக்டோபரில் 20 பாகையில் 35 பி.எஸ்.ஐ. அடித்து வைத்த ரயர், −15 பாகைக் காலையில் 29 ஆக இறங்கியிருக்கும். காற்று எங்கும் கசியவில்லை. வாயு விதி அப்படி. முதல் கடுங்குளிர் நாளில் அந்த மஞ்சள் விளக்கு எரிவதற்கு அதுதான் காரணம். ரயர் தளர்ந்தால் நசுங்கல் கூடும், பெற்றோலும் கூடும்.

கம்ரிக்கு நான்கு சில்லு இழுவை எடுக்கலாம், அக்கோர்டுக்கு இல்லை. ரொறன்ரோவில் இது பெரிய வாதம். கம்ரியில் பின்சில்லுகளுக்கு நடுத்தண்டு எதுவும் போவதில்லை. பின்னால் தனியாக ஒரு மோட்டர் இருந்து தேவைப்படும்போது தள்ளுகிறது. பனி குவிந்த வீட்டு முற்றத்து ஏற்றத்தில் அது நிச்சயம் உதவும். ஆனால் விபத்துகள் பெரும்பாலும் கிளம்ப முடியாததால் வருவதில்லை, நிற்க முடியாததால் வருகின்றன. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சில்லுகளுக்கும்தான். மணிக்கு 50 கிலோமீற்றரில் போய்ச் சடுதியாக மிதித்தால், உலர்ந்த தாரில் ஏறத்தாழ 12 மீற்றரில் நிற்கலாம். இறுகிய பனியில், உராய்வுக் குணகம் 0.25 என்றால், 39 மீற்றர். பனிக்கட்டியில், 0.1 என்றால், 98 மீற்றர். இந்தச் சமன்பாட்டில் எத்தனை சில்லு இழுக்கிறது என்பதற்கு இடமே இல்லை. உராய்வு ஒன்றுதான் இருக்கிறது, அதை நிர்ணயிப்பது ரயரின் றப்பர். சாதாரண ரயரின் றப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கும். பனிக்கால ரயரின் கலவை ஆழ்ந்த குளிரிலும் இளகியே இருக்கும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது கட்டாயம். ஒன்ராறியோவில் சட்டம் வற்புறுத்தவில்லை. 2016 ஜனவரி முதல் காப்புறுதி நிறுவனங்கள் பனிக்கால ரயருக்குக் கழிவு கொடுத்தாக வேண்டும், அவ்வளவே. நான்கு சில்லு இழுவைக்குக் கொடுக்கும் மேலதிகக் காசையும் ஒரு தொகுதி பனிக்கால ரயர்களின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால், நான் தயங்காமல் ரயரை எடுப்பேன். கடையில், ரயரின் பக்கச் சுவரில் மலையும் பனிச்செதிலும் பொறித்த குறியைப் பார்த்து வாங்குங்கள்.

பின்னிருக்கையைப் பற்றிப் பொறியியல் கட்டுரைகள் பேசுவதில்லை. குடும்பக் கார் என்றால் அது பின்னிருக்கைதான். அக்கோர்டில் பின்னால் கால் நீட்ட 1,036 மில்லிமீற்றர், கம்ரியில் 965. ஏழு சென்ரிமீற்றர் என்பது பின்னோக்கிப் பொருத்தும் குழந்தை இருக்கைக்கும் முன்னால் இருப்பவரின் முழங்காலுக்கும் இடையிலான சமாதானம். டிக்கியும் அக்கோர்டில் பெரிது: 473 லீற்றர், கம்ரியில் 428. அம்மம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கும் ரியூசனுக்கும் அலைகிற வீட்டுக்கு இந்த எண்கள் 0.3 லீற்றரைவிடப் பெரியவை.

பற்றரி உத்தரவாதத்தில் மட்டும் கம்ரி தெளிவாக முந்துகிறது. கனடாவில் ரொயோட்டா ஹைபிரிட் பற்றரிக்குப் பத்து ஆண்டு அல்லது 240,000 கிலோமீற்றர் தருகிறது. ஹொண்டா எட்டு ஆண்டு அல்லது 160,000. காரை மாற்றாமல் கடைசிவரை ஓட்டும் வழக்கமுள்ளவர்களுக்கு, நெடுஞ்சாலை ஓட்டம் அதிகமுள்ளவர்களுக்கு, நான் கம்ரியைச் சொல்வேன், முடிந்தவரை சின்னச் சில்லோடு. நகரத்துக்குள்ளேயே ஓட்டம், பின்னால் எப்போதும் ஆள் என்றால் அக்கோர்ட்.

நான்கு சில்லு இழுவைக் கம்ரி எடுக்கிறவர்கள் டீலரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். ஒன்ராறியோவின் சாலை உப்புக்கு முக்கிய ஊற்று கோட்ரிச்சில், ஹியூரன் ஏரிக்கு அடியில் அரைக் கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்தில் இருக்கும் உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடலின் உப்பு அது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும், உலோகங்கள் சேரும் இடத்தில் அரிப்பை வேகப்படுத்தும். 2019 முதல் வந்த ரவ்4 ஹைபிரிட்டுகளில் பின் மோட்டருக்குப் போகும் உயர் அழுத்தக் கம்பியின் இணைப்பு இப்படித்தான் கனடாவின் தெருக்களில் அரிபட்டது. ரொயோட்டா கனடா அந்தக் கம்பிக்கென்று உத்தரவாதத்தை நீட்டிக்கொடுக்க நேர்ந்தது. புதிய கம்ரியில் அந்த இணைப்பு எங்கே இருக்கிறது, எப்படி மூடப்பட்டிருக்கிறது, அதன் உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காரைத் தூக்கியில் ஏற்றி அடிப்பாகத்தைக் காட்டச் சொன்னாலும் தப்பில்லை. செம்மஞ்சள் உறையோடு போகும் கம்பிதான் அது.